இரண்டு ஊர்க் குசும்பு

என் மகள் மாமியார் கொடுமை என்று ஒரு தடவையாவது போனில் அழுதிருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன். கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகப்போகிறது. அழவில்லை. போனை எடுத்தால் "அத்தை இன்னைக்கு" என்றுதான் தொடங்குவாள். அத்தை இன்றைக்குக் கொள்ளு ரசம் வைத்தார், அத்தை இன்றைக்குத் தலையில் எண்ணெய் தேய்த்துவிட்டார், அத்தை ஆபீஸ் வாசலில் வந்து குடை கொடுத்துவிட்டுப் போனார். கேட்டுக்கொண்டே இருப்பேன். கடைசியில் "நீ எப்படிம்மா இருக்கே?" என்பாள். நல்லா இருக்கேன் என்று சொல்லி போனை வைத்துவிட்டு, கழுவின பாத்திரத்தையே திரும்பவும் எடுத்துக் கழுவுவேன்.

நெய்யாற்றின்கரையில் நான் வேலை பார்க்கும் மெடிக்கல் ஸ்டோரில் இதைச் சொல்லிப் புலம்பினால் யாரும் சேர்ந்து புலம்ப வருவதில்லை. கொடுத்து வைத்தவள் என்கிறார்கள். கூட வேலை பார்க்கும் பெண் மட்டும் ஒருநாள் பில் போட்டுக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னாள்: "சேச்சி, இது வேற ஒண்ணும் இல்ல. நல்ல குசும்பு ஆக்கும்."

கேரளாவுக்குள் இருக்கும் எங்கள் எல்லைப் பக்கத்தில் குசும்பு என்றால் பொறாமை. மலையாளத்திலிருந்து வந்து எங்கள் தமிழில் குடியேறிவிட்ட சொல் அது. களியக்காவிளையைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போனால் அதே சொல்லுக்குச் சேட்டை, நையாண்டி, வாய்த்துடுக்கு என்று அர்த்தம் என்பது எனக்குத் தெரியும். டிவி பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். ஆனால் தெரிந்து என்ன செய்ய? காது எந்த ஊரில் வளர்ந்ததோ அந்த ஊர் அர்த்தத்தில்தான் அதற்குக் கேட்கும்.

என் மருமகனுக்குக் கோயம்புத்தூர். என் மகள் அங்கே வேலைக்குப் போன இடத்தில் பார்த்துப் பிடித்து, இரண்டு வீட்டிலும் சம்மதித்து, இரண்டு ஊர்ச் சபையிலும் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்து நடந்த கல்யாணம். மருமகன் நல்ல பையன். சொல்ல ஒன்றும் இல்லை. அவன் அம்மாதான் எனக்குப் பிரச்சினை. அந்த அம்மாளும் நல்லவர். அதுதான் பிரச்சினை.

போன சித்திரையில் மருமகன் ஒரு பழைய வேனை வாங்கி, ஒர்க்‌ஷாப்காரச் சிநேகிதர்களோடு சேர்ந்து அதைக் கேரவனாக மாற்றினான். உள்ளே மடக்குக் கட்டில், கேஸ் அடுப்பு, குட்டி பிரிட்ஜ், கக்கூஸ், எல்லாம் உண்டு. ஜன்னலுக்கு மஞ்சள் பூப்போட்ட திரை. திரையைத் தேர்ந்தெடுத்தது மாமியாரும் மருமகளும் சேர்ந்து என்று எனக்கு முதல் நாளே சொல்லப்பட்டது. தென்காசி வழியாக வந்து என்னையும் ஏற்றிக்கொண்டு வாகமண் போய் நாலைந்து நாள் தங்குவது, திரும்பும்போது என்னை ஊரில் இறக்கிவிட்டு அவர்கள் கன்னியாகுமரி பார்த்துக்கொண்டு கோயம்புத்தூர் போவது என்று ஏற்பாடு. என் வீட்டுக்காரர் மஸ்கட்டிலிருந்து, "போயிட்டு வா, உனக்கும் ஒரு மாற்றம் வேணும்லா" என்றார். மாற்றம் வேண்டும் என்றா நான் போனேன்? மகளுக்கு அடுத்த வாரம் வீட்டிலிருந்தே வேலை. திரும்பும்போது அவளும் என்னோடு இறங்கி ஒரு வாரம் நின்றுவிட்டுப் போகட்டும் என்பதுதான் என் கணக்கு. போனில் கேட்டேன். "பாக்கலாம்மா" என்றாள்.

அந்தப் பாக்கலாமை நம்பி மெத்தையை வெயிலில் போட்டு எடுத்தேன். மீன்காரரிடம் நெய்மீன் வந்தால் எனக்கு வேண்டும் என்று சொல்லி வைத்தேன். பக்கத்து விளையில் அயனிச்சக்கை, குட்டிப் பலாப்பழம் மாதிரி இருக்கும், பழுத்து நின்றது. அவளுக்கு உயிர். அதையும் சொல்லி வைத்தேன். வாகமண்ணில் எல்லோரும் மொட்டைக் குன்றையும் பைன் மரத்தையும் பார்த்தார்கள். நான் என் மகள் எப்போது "ஒரு வாரம் நிக்கேன்" என்று சொல்வாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி நாள்வரை சொல்லவில்லை.

திரும்புகிற அன்று காலையில், வண்டி எடுக்கும் முன் சம்பந்தியம்மா ஜெபம் செய்தார். நல்ல கணீரென்ற குரல். "ஆண்டவரே, எங்கள் மகனையும் எங்கள் மகளையும் உம்முடைய கரத்தில் ஒப்படைக்கிறோம். எங்களோடு வந்திருக்கிற சம்பந்தியம்மாவையும் பத்திரமாய்க் கொண்டு சேர்த்தருளும்" என்றார். நான் கண்ணைத் திறந்துவிட்டேன். எங்கள் மகளா? கடவுளிடம் பேசும்போது 'நம்ம மகள்' என்று சொல்ல முடியாதுதான், கடவுளையும் சேர்த்ததாகிவிடும். இலக்கணப்படி சரி. ஆனால் என்னை அந்த எங்களில் சேர்க்காமல் 'எங்களோடு வந்திருக்கிற' கூட்டத்தில் தள்ளிவிட்டாரே, அதற்கு எந்த இலக்கணம்? ஆமென் மட்டும் எல்லோரோடும் சேர்ந்து சொன்னேன்.

என் மகளுக்குச் சின்ன வயதிலிருந்தே மலைப்பாதை ஆகாது. வெள்ளறடைப் பஸ்ஸில் ஏறினாலே வாந்தி எடுக்கிற பிள்ளை. அவளை எங்கே கூட்டிக்கொண்டு போனாலும் என் பையில் பிளாஸ்டிக் கவர், எலுமிச்சம்பழம், மாத்திரை மூன்றும் இருக்கும். அவள் முகம் வெளுக்கிற வேகத்தைப் பார்த்தே எந்த வளைவில் வரும் என்று சொல்லிவிடுவேன். ஈராட்டுப்பேட்டைக்கு இறங்குகிற பாதை தொடங்கியதும் கவரை விரித்து மடியில் வைத்துக்கொண்டு தயாராக உட்கார்ந்தேன்.

"எட்டி, குமட்டுதா?"

"இல்லம்மா."

"அம்மிணி, இங்க வந்து தலைய வெச்சுப் படு. கண்ண மூடிக்கோ, ஒண்ணும் ஆகாது" என்றார் சம்பந்தியம்மா.

அவள் எழுந்து போய் மாமியார் மடியில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டாள். அந்த அம்மாள் அவள் நெற்றியில் விரலால் மெதுவாக வருடிக்கொண்டே இருந்தார். வண்டி வளைந்து வளைந்து இறங்கியது. அவள் தூங்கிவிட்டாள். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, வாந்தி எடுத்துவிட மாட்டாளா என்று இருந்தது எனக்கு. எந்தத் தாயும் இப்படி ஆசைப்பட்டிருக்க மாட்டாள். நான் ஆசைப்பட்டேன். கவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வளைவிலும் அவள் முகத்தையே பார்த்தேன். சுகமாகத் தூங்குகிற முகம்.

"ஏனுங் சம்பந்தி, அந்தக் கவரைக் கீழ வெச்சுட்டுக் கொஞ்சம் சாஞ்சு உக்காருங். பாவம், மலை எறங்கற வரைக்கும் கையிலயே புடிச்சுட்டு வர்றீங்" என்றார் சம்பந்தியம்மா.

கீழே வைக்கவில்லை. மடித்துப் பைக்குள் வைத்தேன். பைக்குள் வேறொரு பொட்டலமும் இருந்தது. வாகமண்ணில் ஒரு கடையில் வாங்கிய ரோஸ் நிறக் கம்பளித் தொப்பி. எங்கள் வீட்டில் தங்கியிருக்கும் பெண்ணுக்கு வாங்கியது. வயநாட்டுப் பக்கத்துப் பெண், பாறசாலையில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். நான் தனியாக இருக்க வேண்டாம் என்று வீட்டுக்காரர்தான் சொல்லி, மகளின் அறையை அவளுக்குக் கொடுத்திருந்தோம். ராத்திரி டூட்டியில் ஏசி குளிர் தாங்க முடியவில்லை என்று அவள் சொன்னது நினைவு வந்து வாங்கினேன். நல்ல பிள்ளை. என்னை அம்மே என்றுதான் கூப்பிடுவாள். அன்று காலையிலிருந்தே போன் செய்துகொண்டிருந்தாள். மோட்டார் போட்டால் தண்ணீர் ஏறவில்லை என்று ஒரு தடவை. கோழி ஒன்று அடைக்கு உட்கார்ந்துவிட்டது என்று ஒரு தடவை. நான் வரும்போது சோறாக்கி வைக்கட்டுமா என்று இன்னொரு தடவை.

"வேண்டா மோளே. நீ டூட்டி கழிஞ்ஞு உறங்கு. ஞான் வந்நிட்டு செய்யாம்" என்றேன். வேண்டாம், நீ டூட்டி முடித்துத் தூங்கு, நான் வந்து செய்துகொள்கிறேன் என்று.

எங்கள் பக்கத்தில் வாய் இப்படித்தான். வீட்டில் தமிழ், கடையில் மலையாளம், சண்டை வந்தால் இரண்டும். மோளே என்றால் மகளே. மலையாளத்தில் பார்க்கிற எல்லாப் பெண்பிள்ளையையும் கூப்பிடுகிற சொல். நான் போனை வைத்தபோது என் மகள் கண்விழித்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தூக்கம் கெட்டுவிட்டதாக்கும் என்று நினைத்தேன்.

எம்.சி. ரோட்டில் ஏறினபின் பாதை நேரானது. அடூரைத் தாண்டி ரப்பர் மர நிழலில் வண்டியை நிறுத்தினான் மருமகன். சம்பந்தியம்மா கேரவன் அடுப்பில் அரிசியும்பருப்பும் சாதம் வைத்தார். நான் வீட்டிலிருந்து கொண்டுபோயிருந்த மீன் அச்சாறு பாட்டிலைத் திறந்து நடுவில் வைத்தேன். என் மகள் அதை எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு, "நெய் இருக்குதுங்களா அத்தை?" என்றாள்.

அச்சாறைத் தொடாததுகூட எனக்கு அவ்வளவு இல்லை. இருக்குதுங்களா என்றாளே. நான் பெற்று, நான் பேச்சு கொடுத்து வளர்த்த பிள்ளை. அவள் பேசின முதல் சொற்களில் ஒன்று உண்டு. "பால் உண்டா?" என்று சமையலறை வாசலில் வந்து நிற்பாள். நெய் உண்டா, மீன் உண்டா, அப்பாக்க போன் உண்டா என்று எல்லாவற்றுக்கும் ஓர் உண்டுதான். அந்த உண்டைக் கோயம்புத்தூரில் எந்த அலமாரியில் பூட்டி வைத்தார்கள் என்று தெரியவில்லை. வாகமண்ணில் இருந்த நாளெல்லாம் காதைக் கொடுத்துக் கேட்டேன். என்னிடம் பேசும்போது கொஞ்சம் நம் பேச்சு வரும். அத்தை பக்கம் திரும்பினால் உடனே ஓர் 'ங்க' ஒட்டிக்கொள்ளும். உண்டு மட்டும் எங்கேயும் வரவில்லை.

சாப்பாடு முடிந்து தட்டுக் கழுவும்போது அவளைத் தனியாகப் பிடித்தேன்.

"மக்கா, அயனிச்சக்கை பழுத்து கெடக்கு. ஒரு வாரம் நின்னா..."

"பாக்கலாம்மா."

"இன்னும் என்னத்த பாக்க? சாயங்காலம் வீடு எத்திரும்."

"அங்க எடம் வேணும்லா" என்றாள்.

"எடமா? நம்ம வீட்டுல எடத்துக்கு என்ன குறை?" என்றேன். அவள் தட்டை வாங்கி அடுக்கிவிட்டுப் போய்விட்டாள். போய் எங்கே உட்கார்ந்தாள்? கேட்கவே வேண்டாம். கொஞ்ச நேரத்தில் தலை திரும்பவும் அந்த மடிக்குப் போய்விட்டது. எங்கள் வீட்டில் இடமில்லையாம், அங்கே ஒரு மடியில் இடம் இருக்கிறதாம். எனக்குக் காதுவரை சூடாகிவிட்டது.

மருமகன் வண்டியை மெதுவாகத்தான் ஓட்டுவான். கட்டின வண்டியில் கீறல் விழுந்துவிடுமோ என்கிற பயம். கொட்டாரக்கரை தாண்டும்போது சம்பந்தியம்மா ரொம்பப் பெருமையாகச் சொன்னார்: "அம்மிணி எங்க வூட்டுக்கு வந்ததுக்கப்பறம் வண்டியில வாந்தியே எடுக்கறதில்லைங் சம்பந்தி."

எனக்குப் பொறுக்கவில்லை. "அது வாந்தி வரணும்னா வண்டி ஓடணும்லா? இப்பம் ஒரு மீன்காரர் சைக்கிள்ல நம்மள தாண்டிப் போனாரு. கண்டியளா?" என்றேன்.

மருமகன் சிரித்துவிட்டான். சம்பந்தியம்மா மடி குலுங்கச் சிரித்தார். "ஏ அம்மிணி, உங்கம்மாளோட குசும்பப் பாத்தியா! சம்பந்திக்குக் குசும்பு ஜாஸ்திங்" என்றார்.

சிரிக்கத்தான் சொன்னார். இப்போது எழுதும்போது எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது! அந்த நேரத்தில் என் காது எந்தத் தமிழ்நாட்டுக்கும் போகவில்லை. நெய்யாற்றின்கரைக் கடையில், பில் போடுகிற பெண் நிமிர்ந்து பார்க்காமல் சொன்னதுதான் திரும்பக் கேட்டது. கண்டுபிடித்துவிட்டாரே என்று இருந்தது. எல்லோர் முன்னிலும் என் முகத்துக்கு நேரே, அதுவும் சிரித்துக்கொண்டே, உனக்குப் பொறாமை என்று சொல்லிவிட்டாரே என்று இருந்தது. காலையிலிருந்து அடக்கி வைத்தது எல்லாம் வாய்க்கு வந்துவிட்டது.

"ஆமா, எனக்கு குசும்புதான். இல்லன்னு ஆரு சொன்னா? நான் பெத்த பிள்ள காலையில இருந்து உங்க மடியில கெடந்து உறங்குதா. எனக்கு குசும்பு வராம பின்ன ஆருக்கு வரும்? நல்ல குசும்பு உண்டு. தலையில இருந்து கால் வரைக்கும் குசும்பு ஆக்கும்!"

எல்லாம் முடிந்தது, இனி சம்பந்தம் பேசி முடித்த இடத்தில் முகத்தில் விழிக்க முடியாது என்று நினைத்தேன்.

அப்புறம் வெடித்தது பாருங்கள் ஒரு சிரிப்பு. சம்பந்தியம்மா கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறார். "தலையில இருந்து கால் வரைக்குமாமாடா! ஐயோ சாமி, என்னால முடியல" என்கிறார். மருமகன் சிரிப்பில் வண்டியை ஓரம் கட்டிவிட்டான். "அத்தை, எங்க ஊர்க்காரங்களையே தூக்கிச் சாப்ட்ருவீங்க போல" என்கிறான். நான் நெஞ்சைப் பிளந்து காட்டினேன், அவர்கள் கை தட்டினார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது, நான் ஒரு குசும்பைச் சொன்னேன், அவர்கள் இன்னொரு குசும்பைக் கேட்டார்கள் என்று. தப்பித்துவிட்டேன் என்று சந்தோஷப்பட வேண்டும். எனக்கு இன்னும் கோபம்தான் வந்தது. ஒரு மனுஷி இவ்வளவு வெளிப்படையாகப் பொறாமைப்படுகிறாள், அதைக்கூட ஒழுங்காக வாங்கிக்கொள்ளத் தெரியவில்லையே இவர்களுக்கு!

என் மகள் சிரிக்கவில்லை. மடியில் படுத்தபடியே கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. அந்த வண்டிக்குள் இரண்டு குசும்பும் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டுபேர்தானே. நினைத்திருந்தால் ஒரே வரியில் அத்தைக்கு விளக்கியிருக்கலாம். விளக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, அத்தை மடியிலும் இல்லாமல் என் பக்கத்திலும் இல்லாமல், பின்னால் மடக்குக் கட்டிலில் போய் ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

கெடுத்துக்கொண்டேன் என்று அப்போதுதான் பயம் வந்தது. ஒரு வாரம் கிடைக்கிறதாக இருந்தால்கூட இந்த வாயால் போயிற்று. அத்தையை எல்லோர் முன்னிலும் சொன்னதற்கு அவளுக்குக் கோபம் வந்திருக்கும். அவள் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தேன். வெஞ்ஞாறமூடு வந்தது. திருவனந்தபுரத்தில் நெரிசலில் வண்டி நகரவில்லை. நடுவே வீட்டிலிருந்து நர்ஸ் பெண் போன் செய்தாள், எங்கே வந்திருக்கிறோம் என்று. சங்கடத்தை மறைக்க நான் கொஞ்சம் சத்தமாகவே கொஞ்சினேன். "மோளே, நினக்கு ஒரு சாதனம் வாங்ஙிச்சிட்டுண்டு. வந்நிட்டு தராம்" என்றேன். உனக்கு ஒரு பொருள் வாங்கி வைத்திருக்கிறேன், வந்து தருகிறேன் என்று. கட்டிலில் படுத்திருந்தவள் போர்வையை இழுத்துத் தலைவரை மூடிக்கொண்டாள். மேட மாதம், சித்திரை வெயில். கேரவனுக்குள் எனக்கு வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது. யாராவது போர்வை மூடுவார்களா?

பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, அமரவிளைப் பாலம் என்று எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. எப்போதும் பஸ்ஸில் எப்போது வீடு வரும் என்று இருக்கும். அன்று இன்னும் கொஞ்சம் நெரிசல் இருக்கக் கூடாதா என்று இருந்தது. சம்பந்தியம்மா ஜன்னலைப் பார்த்து, "அஸ்தமனத்துக்குள்ள கன்னியாகுமரி போய்ச் சேந்துருவமா கண்ணு?" என்று மகனைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

எங்கள் வீடு உதியன்குளங்கரையில் இறங்கிக் குளத்தூர்ப் பக்கம் உள்ளே போக வேண்டும். வழியில் கேபிள் வயர்கள் தாழ்ந்து கிடக்கும், கேரவன் நுழையாது. ஜங்ஷன் தாண்டி ஓரமாக நிறுத்தினான். கீழே இறங்கி என் பையை எடுத்து வைத்தான். என் பை மட்டும்.

நான் கேட்கவில்லை. கேட்டு வாங்குகிற வாரம் எனக்கு வேண்டாம் என்று வீம்பு. ஆட்டோக்காரரைக் கைகாட்டிக் கூப்பிட்டேன். என் மகள் வெறுங்கையோடு இறங்கி வந்து என் முன்னால் நின்றாள்.

"செரி மக்கா, போயிட்டு வாங்க. சூரியன் உங்களுக்காண்டி நிக்காது" என்றேன்.

"நான் போணும்னா சொல்லுதே?"

"நான் எதுக்குச் சொல்லணும்? பாக்கலாம் பாக்கலாம்னு சொன்னவ நீ. எடம் வேணும்னு சொன்னவ நீ."

"பின்ன எடம் எங்கம்மா?" என்றாள். குரல் திடீரென்று உயர்ந்துவிட்டது. ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். "எனக்க முறியில ஆரு கெடக்கா? எனக்க கட்டில்ல ஆரு கெடக்கா? அவ போன் அடிக்கும்போ உனக்க மொகத்த நீ கண்டதில்ல, நான் கண்டேன். மோளேங்குதே, அதுல தேன் ஒழுகுது. மலையில வச்சு அவளுக்குத் தொப்பி வாங்கினே. எனக்கு என்ன வாங்கினே?"

"எட்டி, நீ கூடத்தானே நின்னே..."

"கூட நின்னா ஒண்ணும் வேண்டாமா? உனக்கு மட்டுந்தான் குசும்பு வருமோ? எனக்கும் குசும்பு உண்டு!"

உண்டு என்றாள். நான் அப்படியே நின்றுவிட்டேன்.

கேரவன் ஜன்னலில் மஞ்சள் திரையை விலக்கிக்கொண்டு சம்பந்தியம்மா எட்டிப் பார்த்தார். அவர் காதில் விழுந்தது கடைசிச் சொல் மட்டும்தான் போல. "அம்மாளுக்கும் புள்ளைக்கும் ஒரே குசும்பு, போங்!" என்று சொல்லித் திரும்பவும் சிரிக்கத் தொடங்கினார். அதில் திருத்த ஒன்றுமில்லை. அவருடைய ஊர் அர்த்தத்திலும் சரி, எங்கள் ஊர் அர்த்தத்திலும் சரி.

மருமகன் உள்ளே போய் அவள் பையை எடுத்து வந்து ஆட்டோவில் வைத்தான். சம்பந்தியம்மாவின் சிரிப்பு நின்றுவிட்டது. "ஒரு வாரந்தான அம்மிணி?" என்றார். என் மகள் ஜன்னல் வழியாக அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆமாங் அத்தை, ஒரு வாரந்தான்" என்றாள். அந்த அம்மாளின் முகம் விழுந்துபோனது. கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது. கொஞ்சம்தான்.

ஆட்டோவில் ஏறினதும் என் பையைத் திறந்து, பொட்டலத்தைப் பிரித்து, அந்தத் தொப்பியை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டாள். காதுவரை இழுத்துவிட்டாள்.

"அத எடு மக்கா, வேக்குது. ஊரு சிரிக்கும்."

"மாட்டேன்."

வெயிலில் நெற்றியிலிருந்து வேர்வை வழிந்து மூக்கு நுனியில் நின்றது. துடைத்துக்கொண்டாளே தவிரக் கழற்றவில்லை. ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துப் பார்த்துச் சிரித்தார். எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. மாமியார் கொடுமை என்று அவள் இரண்டு வருஷம் அழுதிருந்தால்கூட எனக்கு இவ்வளவு கிடைத்திருக்காது. எனக்காக ஒருத்தி தலை வெந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவள் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். வீடு வரும்வரை அவள் அதை இழுத்துக்கொள்ளவில்லை.

ஆட்டோ சத்தம் கேட்டதும் நர்ஸ் பெண் வாசலுக்கு ஓடி வந்துவிட்டாள். தூங்கி எழுந்த முகம், விரித்த தலைமுடி. "அம்மே!" என்று கேட்டில் கை வைத்து நின்றாள். மோளே என்று சொல்ல வாய் திறந்துவிட்டேன். பக்கத்தில் தொப்பிக்குள்ளிருந்து இரண்டு கண்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. வந்த சொல்லை விழுங்கினேன்.

"சிஸ்டரே, கேட் ஒண்ணு தொறக்கு" என்றேன்.

ஆஸ்பத்திரியில் வருகிறவர் போகிறவர் எல்லாம் அவளைக் கூப்பிடுகிற பெயர் அது. நான் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. கேட்டைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள், என் கையைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள், அந்த ரோஸ் தொப்பியைப் பார்த்தாள். ஒதுங்கி வழிவிட்டாள். அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். காலையிலிருந்து வழி முழுவதும் நான் வைத்துக்கொண்டு வந்த முகம் அது.